செவிலியர் பள்ளிகளில் மாணவர் சங்கமும் தகைமைக் கழகமும்

செவிலியர் கல்வி நிறுவனங்களில் இயங்கும் மாணவர் அமைப்புகளைச் சேர்க்கை முறையை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். படிக்க வந்த எல்லாரையும் உறுப்பினராக்கிக்கொள்வது சங்கம். மதிப்பெண், நடத்தை, தலைமைப் பண்பு ஆகியவற்றைப் பார்த்து ஒரு பகுதியினரை மட்டும் அழைத்துச் சேர்த்துக்கொள்வது தகைமைக் கழகம். அமெரிக்காவில் இரண்டும் வேரூன்றியவை. இந்தியாவில் சங்கமே பழக்கம். தகைமைக் கழகம் என்ற எண்ணம் இங்கே பரவவில்லை. தமிழ்நாட்டில் ஜி.என்.எம். பட்டயமோ பி.எஸ்சி. நர்சிங் பட்டமோ படிக்கும் யாரும் முதலாண்டிலேயே கேள்விப்பட்டுவிடும் பெயர் 'எஸ்.என்.ஏ.' எனப்படும் மாணவச் செவிலியர் சங்கம்.

இச்சங்கம் தனித்துத் தோன்றியதல்ல. 1905இல் லக்னோவில் செவிலியர் கண்காணிப்பாளர்கள் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்தார்கள். 1908இல் பயிற்சி பெற்ற செவிலியர்களுக்கான சங்கம் உருவானது. இரண்டும் 1922இல் ஒன்றாகி, இன்று டி.என்.ஏ.ஐ. என்று அறியப்படும் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் ஆயின. 1910 முதல் இதற்கு 'நர்சிங் ஜர்னல் ஆஃப் இந்தியா' என்ற சொந்த இதழும் உண்டு. டி.என்.ஏ.ஐ.யின் மாணவர் பிரிவாக எஸ்.என்.ஏ. 1929இல் அமைக்கப்பட்டது, முதல் கிளை சென்னைப் பொது மருத்துவமனையில் தொடங்கியது. 1871இலேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்ட மருத்துவமனை அது. மதராஸ் செவிலியர், மகப்பேறு உதவியாளர் சட்டம் 1926இல் வந்திருந்தது. பதிவேடும் கவுன்சிலும் வந்து தொழிலுக்குச் சட்ட மதிப்புக் கிடைத்த மூன்றாண்டுக்குள், அத்தொழிலுக்குள் வரப்போகிறவர்களைச் சேர்த்துப் பிடிக்கும் அமைப்பும் வந்துவிட்டது. இதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

சங்கம் தொடங்கிய காலத்தில் செவிலியர் மாணவி என்பவர் பாதி மாணவி, பாதி வேலையாள். மருத்துவமனை விடுதியில் தங்கி, வார்டு வேலையின் பெரும்பகுதியைச் செய்து, இடையில் கிடைத்த நேரத்தில் பாடம் கேட்டார். எனவே சங்கத்தின் குறிக்கோள்களில் தொழிலின் கண்ணியத்தைக் காப்பதும் கூட்டுணர்வை வளர்ப்பதும் இடம்பெற்றதைப் போலவே, பொது அறிவு, விளையாட்டு, வெளியுலகத் தொடர்பு ஆகியவையும் இடம்பெற்றன. விடுதிச் சுவருக்கு வெளியே ஓர் உலகம் இருக்கிறது என்பதை நினைவூட்டுவதும் அன்றைய சங்கத்தின் வேலையாக இருந்தது. இன்றைய மாணவர்களின் கையில் கைபேசி இருந்தாலும், காலை ஏழு மணிக்கு வார்டு, மாலையில் கேர் பிளான் எழுதுதல், இரவில் விடுதி வருகைப்பதிவு என்ற ஒழுங்கு பெரிதாக மாறிவிடவில்லை.

இத்தகைய விடுதிகளுக்கு மாணவிகள் வந்த வழிக்குத் தென்தமிழ்நாட்டின் தாமிரபரணிக் கரையை எடுத்துக்கொள்ளலாம். அங்கே செவிலியர் தொழில் பரவியதற்கு மிஷன் மருத்துவமனைகள் ஒரு காரணம். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தைத் தாண்டித் திருச்செந்தூர் நோக்கிப் போகும் பாதையில் ஆழ்வார்திருநகரிக்கு அப்பால் இருக்கிறது நாசரேத். ஜே.எம். ஸ்ட்ரச்சன் என்ற மருத்துவ மிஷனரி 1870இல் அங்கே தொடங்கிய பணி தூய லூக்கா மருத்துவமனையாக வளர்ந்தது. 1876இல் வந்த மர்காசிஸ் என்ற மிஷனரி அவ்வூரின் பள்ளிகளையும் தொழிற்கல்வியையும் பெருக்கினார். வீட்டை விட்டுப் போய் நோயாளியைத் தொட்டு வேலை செய்வது பெண்ணுக்குத் தகாது என்ற எண்ணம் இப்பகுதியில் மற்ற இடங்களைவிட முன்பே தளர்ந்ததற்கு இத்தகைய ஊர்கள் காரணம். 1965இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்த பிறகு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை வட்டாரத்தின் பெரிய பயிற்சிக்களம் ஆயிற்று. ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்துப் பெண்ணுக்குச் செவிலியர் படிப்பு என்றால் பாளையங்கோட்டை, தூத்துக்குடி, நாகர்கோவில், மதுரை என்று ஏதாவது ஒரு விடுதிக்குப் போவதே வழக்கம். அவர் முதன்முதலில் உறுப்பினராகும் பொது அமைப்பு பெரும்பாலும் எஸ்.என்.ஏ.தான்.

எஸ்.என்.ஏ.வின் அமைப்பு எளிமையானது. தேசிய அளவில் டி.என்.ஏ.ஐ.யின் தலைவரே இதற்கும் தலைவர். மாநிலத்துக்கு ஒரு கிளை. ஒவ்வொரு பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒரு பிரிவு. பிரிவில் ஆசிரியர் ஒருவர் ஆலோசகர். செயலர், பொருளாளர் போன்ற பொறுப்புகள் மாணவர்களுக்கு. சேர்க்கையின்போதே மற்றக் கட்டணங்களோடு சங்கக் கட்டணத்தையும் வாங்கிவிடுவது பல கல்லூரிகளில் வழக்கம். அதனால் சேர்வதா வேண்டாமா என்று மாணவர் யோசிக்கும் சந்தர்ப்பமே வருவதில்லை. உறுப்பினர் எண்ணிக்கை பெரியதாக இருப்பதற்கும், பல பிரிவுகளில் உயிரோட்டம் குறைவாக இருப்பதற்கும் இந்த ஒரே ஏற்பாடு காரணம்.

ஒரு பிரிவின் ஆண்டு ஏறக்குறைய இப்படிப் போகும். புதியவர்களை வரவேற்கும் விழா, பொறுப்பாளர் பதவியேற்பு, முதலாண்டு மாணவர்களின் விளக்கேற்றும் விழா, ஆசிரியர் தினம், உலக எய்ட்ஸ் தினம், பொங்கல், விளையாட்டு விழா, மே மாதத்தில் செவிலியர் வாரம். இவற்றில் விளக்கேற்றும் விழாவுக்குத் தனி இடம் உண்டு. வெள்ளைச் சீருடையில் வரிசையாக நிற்கும் மாணவர்கள், மூத்த செவிலியர் ஏற்றித் தரும் மெழுகுவத்தியையோ அகலையோ கையில் ஏந்தி உறுதிமொழி சொல்வார்கள். ஊரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் பெற்றோர் முதல் வரிசைக்கு வந்து படம் எடுப்பார்கள். பெண்ணை நர்சிங்குக்கு அனுப்பலாமா என்று வீட்டில் நடந்த வாதம் அன்றோடு முடிந்துவிடுவதும் உண்டு. பன்னாட்டுச் செவிலியர் தினமான மே 12 ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாள். அந்த வாரத்தில் பேரணி, வினாடி வினா, கோலம், சுவரொட்டிப் போட்டி எல்லாம் நடக்கும்.

இவற்றுக்கெல்லாம் சாட்சியாக நிற்பது சங்க டைரி. கணக்குப் புத்தக அளவில் தொடங்கி, ஆண்டு முடிவில் கல்யாண ஆல்பம் கனத்துக்கு வந்துவிடும் ஏடு இது. அட்டைக்கு வெல்வெட் துணி, ஓரத்துக்குச் சரிகை, ஒவ்வொரு மாதத்துக்கும் தனி முகப்பு; உள்ளே நிகழ்ச்சி நடந்த நாள், தலைமை, சிறப்பு விருந்தினர், பங்கேற்றோர், ஒட்டிய புகைப்படங்கள், பத்திரிகைச் செய்தியின் நறுக்கு. எழுத்து அழகாக உள்ள மாணவியைத் தேடிப் பிடித்து எழுத வைப்பார்கள். மாநில, தேசிய மாநாடுகளில் டைரிக்குப் பரிசு உண்டு என்பதால் நிகழ்ச்சிக்காக டைரி என்ற நிலை மாறி, டைரிக்காக நிகழ்ச்சி என்று ஆகிவிடுவதும் நடக்கிறது. ஆனாலும் இதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. நடந்ததை நடந்தபடி தேதியிட்டு எழுதி வைப்பது செவிலியர் தொழிலின் அடிப்படைப் பழக்கம். நோயாளியின் குறிப்பேட்டில் எழுதப்படாத ஊசி போடப்படாத ஊசியாகவே கருதப்படும். ஓராண்டு முழுவதும் ஓர் ஏட்டைக் கைவிடாமல் பராமரித்த செயலர் அந்தப் பாடத்தை வேறு வழியில் கற்கிறார். பழைய டைரிகளைக் கல்லூரிகள் ஒழுங்காகக் காத்து வைத்தால் அவை தமிழ்நாட்டுச் செவிலியர் கல்வியின் வரலாற்றுக்கு நல்ல மூலங்களாகும். பல இடங்களில் அவை அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கின்றன.

மாநாடுகளில் கட்டுரை வாசிப்பு, செயல்விளக்க மாதிரி, நாடகம், நடனம், தடகளம் எனப் போட்டிகள் நடக்கும். 'மிஸ்டர் எஸ்.என்.ஏ.', 'மிஸ் எஸ்.என்.ஏ.' என்ற ஆளுமைப் போட்டிகளே கூட்டத்தை அதிகம் இழுப்பவை. ஆண்களும் இப்படிப்பில் கணிசமாகச் சேரத் தொடங்கிவிட்டதை முதல் பட்டமே காட்டுகிறது. வேறு மாவட்டத்து மாணவர்களைச் சந்தித்து, அவர்களுடைய மருத்துவமனையில் என்ன நடக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு மூன்றாண்டு, நான்காண்டுப் படிப்பில் இங்கேதான் கிடைக்கிறது.

எஸ்.என்.ஏ. தவிர வேறு அமைப்புகளும் வளாகத்தில் உண்டு. 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டித் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் இரண்டாண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஒரு கிராமத்தில் 7 நாள் முகாமும் உண்டு. இளையோர் செஞ்சிலுவைச் சங்கமும் செஞ்சுருள் சங்கமும் இரத்த தானம், எச்.ஐ.வி. விழிப்புணர்வு என்று இயங்குகின்றன. கிறிஸ்தவ நிறுவனங்களில் ஜெபக் குழுக்களும் கத்தோலிக்கச் செவிலியர் அமைப்பின் கிளைகளும் பழமையானவை. ஒரே மாணவி மூன்று அமைப்பின் பேனரின் கீழ் ஒரே முகாமுக்குப் போய் வருவதும், அந்த ஒரு முகாம் மூன்று அறிக்கைகளில் ஏறுவதும் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம்.

தகைமைக் கழகத்தின் கதை வேறு மண்ணில் தொடங்குகிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் சிறந்த மாணவரைத் தேர்ந்து கிரேக்க எழுத்துகளால் பெயர் சூட்டிய கழகத்தில் சேர்க்கும் வழக்கம் 1776இல் 'ஃபை பீட்டா கப்பா'விலிருந்து வருகிறது. செவிலியர்களுக்கான 'சிக்மா தீட்டா டாவ்' 1922இல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் ஆறு மாணவிகளால் தொடங்கப்பட்டது. அன்பு, துணிவு, மதிப்பு என்ற பொருளுள்ள மூன்று கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துகளே அப்பெயர். அதன் சின்னத்தில் உள்ள ஆறு நட்சத்திரங்கள் அந்த ஆறு பேரைக் குறிக்கும். செவிலியர் படிப்பு பல்கலைக்கழகப் படிப்புத்தானா என்ற ஐயம் அமெரிக்காவிலேயே இருந்த காலம் அது. மற்றத் துறைகளுக்கு இருப்பது போன்ற ஒரு கழகம் தங்களுக்கும் இருந்தால் அந்த ஐயத்துக்கு அதுவே விடை என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும்.

இளநிலை மாணவர் இக்கழகத்தில் சேரப் பாடத்திட்டத்தில் பாதியை முடித்திருக்க வேண்டும், நான்கு புள்ளி அளவில் குறைந்தது 3 புள்ளி சராசரி வேண்டும், வகுப்பின் மேல் 35 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். கழகத்தின் உண்மையான மதிப்பு இந்த வடிகட்டலில் இல்லை. சேர்ந்த பிறகு நடப்பதில் இருக்கிறது. 1936இலேயே செவிலியர் ஆராய்ச்சிக்கு நிதி அளித்த அமைப்பு இது. 1967இல் தொடங்கிய இதன் இதழ் இன்று அத்துறையின் முன்னணி ஆய்விதழ்களில் ஒன்று. மாணவராகச் சேர்ந்தவர் பேராசிரியராகி ஓய்வுபெறும் வரை உறுப்பினராகத் தொடரலாம். உறுப்பினர் எண்ணிக்கை உலகளவில் ஒரு லட்சத்துக்கு மேல்.

தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் எந்தக் கழகமும் யாரையோ வெளியே நிறுத்துகிறது. அமெரிக்காவின் கறுப்பினச் செவிலியர்கள் 1932இல் வாஷிங்டனின் ஃப்ரீட்மென்ஸ் மருத்துவமனையில் 'கை ஈட்டா ஃபை' என்ற தங்கள் கழகத்தைத் தொடங்க வேண்டியிருந்தது அந்நாட்டின் இனப்பாகுபாட்டால். அங்கேயும் எல்லா மாணவர்க்கும் பொதுவான தேசிய மாணவச் செவிலியர் சங்கம் 1952இல்தான் வந்தது. இந்தியாவில் வரிசை தலைகீழ்: பொதுச் சங்கம் 1929இலேயே வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் தகைமைக் கழகத்தின் இடத்தைப் பிடித்திருப்பது பதக்கம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பில் தங்கப் பதக்கம், கல்லூரி அளவில் 'பெஸ்ட் அவுட்கோயிங் ஸ்டூடன்ட்' விருது, பாடவாரியான பரிசு. இவை ஒரு நாள் மேடையோடு முடிகின்றன. பதக்கம் பெற்றவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வதில்லை. அடுத்த ஆண்டு மாணவருக்கு வழிகாட்டும் பொறுப்பும் அவர்களுக்கு இல்லை. மற்றொரு குறை, மதிப்பெண்ணில் வராத திறமைக்கு இங்கே ஏடு கிடையாது. இரவுப் பணியில் மூச்சுத் திணறும் முதியவரைப் பார்த்துச் சரியான நேரத்தில் மருத்துவரை எழுப்பிய மாணவிக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. அதற்காக அமெரிக்கக் கழகத்தை அப்படியே கொண்டுவந்து நட்டுவிடலாமா என்றால், ஏற்கெனவே மதிப்பெண்ணால் பிளவுபட்டிருக்கும் வகுப்பறைக்கு இன்னொரு பிளவைக் கொண்டுவருவதாகவே அது முடியும். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, முதலாண்டு உடற்கூறியல் பாடத்தை ஆங்கிலத்தில் படித்துத் திணறும் மாணவிகள் ஸ்ரீவைகுண்டம் போன்ற ஊர்களிலிருந்து ஏராளமாக வருகிறார்கள். முதலிரண்டு ஆண்டு மதிப்பெண்ணை வைத்து அளந்தால் அவர்கள் வெளியேதான் நிற்பார்கள். வார்டில் அவர்களே முந்துவதைப் பயிற்சி தரும் சிஸ்டர்கள் அறிவார்கள். இந்திய நிலைக்கு ஏற்றது, மூத்தவர் இளையவருக்குப் பாடம் சொல்லித் தரும் குழுவும் சிறு ஆய்வுகளுக்கான உதவித்தொகையும். இவ்விரண்டையும் எஸ்.என்.ஏ.வே செய்ய முடியும்.

மாணவர் குரல் என்ற கேள்வியில் சங்கம் பலவீனமானது. மாணவர் தேர்தல் பற்றிய லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தமிழ்நாட்டின் தொழிற்கல்வி நிறுவனங்கள் பெரும்பாலானவற்றில் தேர்தல் என்பது பெயரளவில்தான். எஸ்.என்.ஏ. பொறுப்பாளர்களை ஆசிரியர்கள் குறித்துக் கொடுப்பதும், நோட்டீஸ் பலகையில் பட்டியல் ஏறிய பிறகே மாணவருக்குத் தெரியவருவதும் அரிதல்ல. பொருளாளர் என்ற பெயர் மாணவருக்கு, கையெழுத்து வேறொருவருக்கு. விடுதி உணவு, பயணப் பேருந்து, கூடுதல் நேர வார்டுப் பணி, விடுப்பு மறுப்பு ஆகியவையே மாணவர் தினமும் பேசும் விஷயங்கள். இவை சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வருவது குறைவு. ராகிங் தடுப்பில் மட்டும் நிலைமை தேறியிருக்கிறது. 1996இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து தமிழ்நாடு 1997இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கான குழுக்களில் மாணவர் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள்.

அன்றாடப் பிரச்சினைகள் பற்றிய சங்கத்தின் இந்த மௌனம் படிப்போடு முடிந்துவிடுவதில்லை. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அரசின் ஒப்பந்தச் செவிலியர்கள் பணிநிரந்தரம் கேட்டுத் திரண்டபோது, மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் அவர்கள் வேலை செய்துவந்த செய்தி பலருக்கும் அதிர்ச்சியாக இருந்தது. தாய்ச் சங்கமான டி.என்.ஏ.ஐ. ஊதியப் பிரச்சினையைத் தொடாமல் இல்லை. அது தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை அடுத்து அமைந்த நிபுணர் குழு, தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு எந்நிலையிலும் ரூ.20,000க்குக் குறையாத ஊதியம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நடைமுறை பரிந்துரைக்கு வெகுதூரம் பின்னால் நிற்கிறது. இவ்வழக்கையும் பரிந்துரையையும் இறுதியாண்டு மாணவர் எத்தனை பேர் அறிவார்கள்? செவிலியர் வாரத்தில் கோலப்போட்டிக்கு ஒதுக்கும் ஒரு பிற்பகலைப் பணி ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சிக்கு ஒதுக்கினால் பயன் அதிகம்.

சமூகப் பணியிலும் மறுபரிசீலனை தேவைப்படுகிறது. கிராம முகாம் என்றால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது என்று ஆகிவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இதே வேலையைப் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து செய்கிறார்கள். மாணவர்கள் அதே கையில் மறுபடி பட்டை சுற்றுவதால் ஊருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, சிறுநீர்க் குழாய் போட்டவரைச் சுத்தமாக வைத்திருப்பது, பக்கவாதம் வந்தவருக்கு உணவு ஊட்டுவது போன்றவற்றை வீட்டாருக்குச் செய்துகாட்டிக் கற்றுக்கொடுப்பதே ஊரில் இல்லாத உதவி.

பேரிடர் இன்னொரு களம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும் ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் பதிவாயின. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது; தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. பயணிகளில் கர்ப்பிணிகளும் முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். பக்கத்து மேலப்புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். பிறகு ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்தது, கர்ப்பிணி ஒருவர் வான்வழியே மீட்கப்பட்டார். சாலைகள் துண்டிக்கப்பட்ட அந்த இரண்டு நாளில் வெளியிலிருந்து மருத்துவக் குழு உள்ளே வருவது எளிதாக இல்லை. அப்போது உதவக்கூடியவர் ஏற்கெனவே ஊரில் இருப்பவர்தான்: விடுமுறைக்கு வந்திருக்கும் மாணவி, வேலை தேடிக்கொண்டிருக்கும் பட்டதாரிச் செவிலியர். ஊர்வாரியாகச் செவிலியர் மாணவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் கொண்ட பட்டியலை ஒவ்வோர் எஸ்.என்.ஏ. பிரிவும் தயாரித்து வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுத்து வைக்கலாம். செலவில்லாத வேலை, சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து ஒரு மாலையில் எழுதிவிடக்கூடியது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அக்டோபரில் அதைப் புதுப்பிப்பதைச் சங்கத்தின் ஆண்டு நாட்காட்டியில் சேர்ப்பது தகும்.

படிப்பு முடிந்ததும் எஸ்.என்.ஏ. உறுப்பினர், குறித்த காலத்துக்குள் விண்ணப்பித்தால், சலுகைக் கட்டணத்தில் டி.என்.ஏ.ஐ.யில் சேரலாம். பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை. தமிழ்நாடு செவிலியர், மகப்பேறு உதவியாளர் கவுன்சிலில் பதிவு செய்வது கட்டாயம். அது இல்லாமல் இங்கே சட்டப்படி செவிலியராக வேலை செய்ய முடியாது. சங்கத்தில் சேர்வது அவரவர் விருப்பம். நான்காண்டு உறுப்பினராக இருந்தவர் அந்த விருப்பத்தைத் தெரிவிக்காமலே போகிறார் என்றால், அந்த நான்காண்டில் சங்கம் அவருக்கு விழாக்களை மட்டுமே காட்டியிருக்கிறது என்பதே காரணம்.